எடுப்பதும் வைப்பதும்

தொலைபேசியில் ஒருவர் என்ன பேசினார் என்பதைவிட, பேச்சை எப்படித் தொடங்கினார், எப்படி முடித்தார் என்பதையே நான் கூர்ந்து கவனிப்பேன். நடுவில் வரும் விஷயம், அது வேலையோ நலம் விசாரிப்போ, தன் போக்கில் நடந்துவிடும். எதிர்முனையில் இருப்பவரின் நேரத்தையும் மனநிலையையும் நாம் மதிக்கிறோமா என்பது எடுக்கும்போதும் வைக்கும்போதும்தான் வெளிப்படுகிறது. நேரில் சந்திக்கும்போது இந்த வேலையில் பெரும்பகுதியைக் கண்களே செய்துவிடுகின்றன: அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா, அழுதிருக்கிறாரா, கிளம்பத் தயாராக நிற்கிறாரா என்பதைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டு அதற்கேற்பப் பேசுகிறோம். தொலைபேசியில் அந்த வசதி இல்லை. அத்தனையையும் குரலைக் கொண்டே கேட்டும் சொல்லியும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தொலைபேசி மரியாதை என்று நாம் சொல்லும் பழக்கங்கள், பார்க்க முடியாத குறையை ஈடுகட்ட மனிதர்கள் சிறிது சிறிதாக உருவாக்கிக்கொண்டவை என்றே நான் நம்புகிறேன். அதனால்தான் அவற்றை மேல்பூச்சாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் யார் பேச வேண்டும் என்ற கேள்வியே தொடக்க காலத்தில் தீராமல்தான் இருந்தது. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1876 மார்ச் 10 அன்று தன் உதவியாளர் வாட்சனைக் கருவி வழியாக அழைத்தபோது, வணக்கம் முகமன் எதுவும் இல்லை; இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும் என்று நேராக விஷயத்துக்கே போனார். அடுத்த ஆண்டு, 1877 ஆகஸ்டில், தாமஸ் ஆல்வா எடிசன் பிட்ஸ்பர்க்கில் இருந்த தந்தி நிறுவனத் தலைவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ‘ஹலோ’ என்று கூவினால் பத்து இருபது அடி தூரம் கேட்கும், ஆகவே தனியாக அழைப்பு மணி தேவைப்படாது என்று குறிப்பிட்டார். அவர் எண்ணிய ஹலோ, அழைப்பவர் எழுப்ப வேண்டிய ஒலி. மணியின் வேலையைச் செய்ய வேண்டிய கூவல். பின்னர் கருவியில் உண்மையான மணியே வந்துவிட்டதால், கூப்பிடும் வேலை மணியிடம் போயிற்று. ஹலோ எடுப்பவரின் வாய்க்கு இடம் மாறியது.

இந்த இடமாற்றத்தின் பொருளை 1968இல் அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் தெளிவாக்கினார். காவல் துறைக்கு வந்ததும் அங்கிருந்து போனதுமான ஏறத்தாழ 500 அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை அவர் ஆராய்ந்தார். எடுப்பவரே முதலில் பேசுவார் என்ற விதி, ஒன்றே ஒன்றைத் தவிர எல்லா அழைப்புகளுக்கும் பொருந்தியது. அந்த ஒன்றில், எடுத்தவர் பேசாமல் இருக்க, அழைத்தவரே ஹலோ என்றார். ஐந்நூறில் ஒன்றுதானே என்று அவர் அதைத் தள்ளிவிடவில்லை. அந்த ஒன்றுக்கும் பொருந்தும்படி விதியையே மாற்றி எழுதினார். மணி ஒலிப்பது ஒரு கூப்பிடுதல், ஹலோ அதற்கான பதில். பதில் வராவிட்டால் கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுகிறார். அழைத்தவர் சொன்ன அந்த ஹலோ, மணியை இன்னொரு முறை அடித்ததற்குச் சமம்.

இதிலிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. எடுப்பவரின் முதல் சொல் ஒரு பதில் என்றால், அழைத்தவரின் முதல் கடமை அந்தப் பதிலைக் கேட்பது. தூக்கக் கலக்கம், அவசரம், மூச்சிரைப்பு, பக்கத்தில் யாரோ இருப்பதால் தாழ்ந்துபோன தொனி என எத்தனையோ அந்த ஒரு ஹலோவுக்குள் இருக்கின்றன. பலர் அதைக் கேட்பதே இல்லை. இணைப்பு கிடைத்ததற்கான அடையாளமாக மட்டும் அதை எடுத்துக்கொண்டு, மனத்தில் தயாராக வைத்திருந்ததைக் கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கருவியும் இங்கே நமக்கு முழுத் துணை அல்ல. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தின. குரலின் மேலடுக்கு ஒலிகளும் கீழடுக்கு ஒலிகளும் வழியிலேயே உதிர்ந்துவிடும். மூச்சோடு ஒட்டிய மெல்லிய ஒலிகள் ஒன்றுக்கொன்று குழம்புவது அதனால்தான். இன்றைய இணைப்புகள் பல இதைவிடத் தெளிவானவை என்றாலும், அவற்றில் தாமதம் என்ற வேறொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. நேர்ப்பேச்சில் ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்குவதற்கு இடையிலான இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாமலிருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைப்பதும் இந்த நுட்பமான தாளத்தைக் காப்பதற்குத்தான். தாமதம் கூடினால், அவர் தயங்குகிறார் என்று நமக்கும், நாம் குறுக்கே விழுகிறோம் என்று அவருக்கும் தோன்றும். இருவர் மீதும் பிழை இருக்காது. ஹலோ கேட்ட பிறகு ஒரு மூச்சு நேரம் பொறுத்துப் பேசினால் இந்த மோதல்களில் பாதி நிகழாது.

அடுத்தது, பேசுவது யார் என்று தெரிவிப்பது. இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹார்வி சாக்ஸ் என்ற ஆய்வாளர்தான் நினைவுக்கு வருகிறார். மன நெருக்கடியில் இருப்பவர்கள் அழைக்கும் நிலையம் ஒன்றின் ஒலிப்பதிவுகளை வைத்து 1964இல் அவர் ஆற்றிய விரிவுரை, உரையாடல்களின் அமைப்பை ஆராயும் துறையின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. அங்கே தொலைபேசியை எடுப்பவர் தன் பெயரைச் சொன்னால், பெரும்பாலும் அழைத்தவரும் தன் பெயரைச் சொல்லிவிடுவார்; பெயர் என்ன என்று கேட்கவே வேண்டியிருக்காது. ஆனால் ஒருவர், பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், சரியாகக் கேட்கவில்லையே என்றார். எடுத்தவர் தன் பெயரைத் திரும்பச் சொன்னார். அதைத் தெளிவுபடுத்திக்கொள்வதில் பேச்சு நகர்ந்துவிட, அழைத்தவரின் பெயர் வர வேண்டிய இடம் கடந்துபோயிற்று. அவர் மறுக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. தன்னை மறைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த ஒரு மனிதருக்கு, பேச்சின் தொடக்க அமைப்பே ஒரு மறைப்பைக் கொடுத்தது. தொடக்கச் சொற்களை வெறும் சம்பிரதாயம் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

நெருங்கியவர்களிடையே நிலைமை வேறு. அங்கே பெயரைச் சொல்வதே அந்நியமாகப் படும். குரலிலேயே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். ‘நான்தான்’ என்பது போதுமான அறிமுகமாகிவிடுகிறது, அப்படிச் சொல்லும் உரிமையிலேயே உறவின் ஆழமும் இருக்கிறது. இதில் நான் குறை காணவில்லை. ஆனால் நெடுநாள் கழித்து அழைக்கும் ஒருவர், ‘யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்’ என்று விளையாடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. காது மந்தமான பெரியவர்களுக்கும் மறதி தொட்டுவிட்டவர்களுக்கும் அது தேர்வு எழுதுவதற்கு ஒப்பானது. தோற்றால் எதிர்முனைக்கு வருத்தம், தோற்கக் கூடாதே என்ற பதற்றம் இவர்களுக்கு. ஜப்பானில் 2000களின் தொடக்கத்திலிருந்து பெருகிய ஒரு மோசடி இந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. முதியவர்களை அழைத்து, ‘நான்தான், நான்தான்’ என்று மட்டும் சொல்வார்கள். மகனோ பேரனோ என்று எண்ணி முதியவரே ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அந்தக் கணத்திலிருந்து மோசடிக்காரர் அந்தப் பெயருக்குரியவராகிவிடுவார். பிறகு விபத்து, கடன் என்று ஏதோ ஓர் அவசரம் சொல்லிப் பணம் கேட்பார். அடையாளம் காணத் தவறுவது அன்புக் குறைவு என்ற அச்சம்தான் அங்கே முதலீடு. உறவினரானாலும், பெயரையும் முறையையும் தாமே முந்திச் சொல்லிவிடுவது, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் கொடுக்கும் பாதுகாப்பும்கூட.

கைபேசி வந்த பிறகு தொடக்கத்தில் நடந்த பெரிய மாற்றம், எண் இடத்திலிருந்து கழன்று ஆளோடு ஒட்டிக்கொண்டதுதான். முன்பு மணி அடித்தது ஒரு வீட்டில். யார் எடுப்பார் என்று தெரியாது. எடுத்தவர் நாம் தேடிய ஆளாக இல்லாவிட்டாலும் அவரிடம் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, பிறகு இன்னாரைக் கூப்பிட முடியுமா என்று கேட்போம். நண்பனின் தாயோடு, தங்கையோடு, தாத்தாவோடு ஒரு மெல்லிய பழக்கம் அப்படித்தான் உருவாயிற்று. இப்போது அந்த இடைநிலை மனிதர் மறைந்துவிட்டார், எனக்கு அது ஓர் இழப்பாகவே தெரிகிறது. இன்னொரு பக்கம், ஆளைத் தேடி மணி அடிக்கிறதே தவிர, அந்த ஆள் எங்கே, என்ன நிலையில் இருக்கிறார் என்பது அழைப்பவருக்குத் தெரியாது. ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி கைபேசிப் பேச்சில் இவ்வளவு சாதாரணமாகிவிட்டது இதனால்தான். ஆனால் அந்தக் கேள்வி சில காதுகளில் கண்காணிப்பாகவும் ஒலிக்கும். ‘இப்போது பேசலாமா?’ என்று கேட்பது அதே தகவலில் தேவையான பகுதியை மட்டும் கேட்கிறது. எங்கே, யாரோடு என்பதைச் சொல்லாமலிருக்கும் உரிமையை அவரிடமே விட்டுவிடுகிறது.

அவர்தான் எடுத்துவிட்டாரே, பேச முடியாவிட்டால் எடுத்திருக்க மாட்டாரே என்று சிலர் வாதிடுவது உண்டு. அது சரியல்ல. அழைப்பவரின் பெயர் திரையில் தெரிவதால், எடுக்காமல் விட்டால் அவமதித்ததாக எண்ணுவாரோ என்ற தயக்கத்திலேயே பலர் எடுக்கிறார்கள். பிறகு பேசுகிறேன் என்று சொல்வதற்காகவே எடுப்பவர்களும் உண்டு. எடுத்ததை ஒப்புதலாக வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவது, கதவைத் திறந்தவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்வதைப் போன்றது. ஐந்து நிமிடம் ஆகும், இன்ன விஷயம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், இப்போதா பிறகா என்று முடிவெடுக்கத் தேவையான எல்லாமே அவர் கைக்கு வந்துவிடுகிறது. ஸ்பீக்கரில் போட்டிருந்தால் அதையும், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒருவரிடம் பேசுகிறோம் என்று நம்பிப் பேசியதை நான்கு பேர் கேட்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிய வந்தால், அந்த நம்பிக்கை எளிதில் மீள்வதில்லை.

முறைகள் அனைத்தும் ஒதுங்கி நிற்க வேண்டிய அழைப்புகளும் இருக்கின்றன. அவசர உதவி எண்களை அழைக்கும்போது வணக்கமும் நலமும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம் என்பதால், எந்த இடம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை வைக்கக் கூடாது. துக்கச் செய்தி சொல்லும் அழைப்பு இதற்கு நேர் எதிரானது. அங்கே தொடக்கம்தான் எல்லாம். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வழக்கமான நலவிசாரிப்புக்குள் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ‘நல்லா இருக்கேன், நீங்க?’ என்று சிரித்தபடி சொன்ன வாயோடு அடுத்த கணம் இறப்புச் செய்தியைக் கேட்க நேர்ந்தவர்கள், அந்தச் சிரிப்பை வெகுநாள் நினைத்து வருந்துகிறார்கள். ஒரு வருத்தமான செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது என்ற ஒற்றை வாக்கியம் அவர் மனம் தன்னைத் தாங்கிக்கொள்ள ஒரு நொடி கொடுக்கும். பிறகு சுற்றி வளைக்காமல், நேரான சொற்களில் சொல்லிவிட்டு, பேசாமல் இணைப்பில் இருக்க வேண்டும். அந்த அழைப்பை முடிக்கும் உரிமை கேட்டவருக்கே உரியது.

இனி வைப்பது. எனக்கு இதுவே கூடுதல் கடினமானதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் தொடங்க ஒருவர் போதும். முடிக்க இருவர் வேண்டும். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878இல் தொலைபேசி நிலையம் தொடங்கிய நிறுவனம், அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட சந்தாதாரர் கையேட்டில் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்துப் பார்த்தது. பேசி முடித்தவர் ‘அவ்வளவுதான்’ என்று சொல்ல வேண்டும், கேட்டவர் ‘ஓகே’ என்று சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. மிகத் தெளிவான ஏற்பாடுதான். ஆனாலும் அந்த வாசகம் நிலைக்கவில்லை. என் புரிதலில் அதன் காரணம் எளிது: முடிந்துவிட்டது என்று ஒருவர் அறிவிக்கிறார், மற்றவருக்கு ஆமோதிப்பதைத் தவிர வேறு வழி தரப்படவில்லை. அவரிடம் சொல்லப்படாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை எங்கே வைப்பது?

இந்த மிச்சத்தைப் பற்றித்தான் ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973இல் சேர்ந்து எழுதினார்கள். யாரும் நேராக விடைபெறுவதில்லை. அதற்கு முன்னால் ‘சரி...’ என்று இழுக்கும் ஓர் இடம் வருகிறது. அந்தச் சொல்லில் புதிய விஷயம் எதுவும் இல்லை. என் பக்கம் சொல்ல வேண்டியது தீர்ந்தது, உங்கள் பக்கம் ஏதாவது உண்டா என்று அது வழிவிட்டு நிற்கிறது. மற்றவரும் ‘சரி’ என்றால்தான் விடைபெறலாம். ‘ஆங், இன்னொன்று...’ என்றால் பேச்சு மறுபடி திறந்துகொள்ளும். நாம் நாள்தோறும் கேட்கும் ‘அப்புறம்?’, ‘வேறென்ன?’ எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. பேச ஒன்றும் இல்லாதவர்களின் இழுவை என்று இவற்றைச் சலித்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: சொல்லக் கடினமானது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளியே வருகிறது. இருபது நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, முடிக்கும் தறுவாயில், ‘அந்தப் பரிசோதனை முடிவு வந்தது’ என்பார்கள். ‘கொஞ்சம் பணம் தேவைப்படுகிறது’ என்பார்கள். அதைச் சொல்வதற்காகவே அழைத்திருப்பார்கள். முன்னாலேயே சொல்லத் துணிவு வந்திருக்காது.

என் அத்தை ஒருவர் எந்த அழைப்பையும், ‘சொல்ல நினைச்சு விட்டுப்போனது ஏதாவது இருக்கா கண்ணு?’ என்று கேட்காமல் வைக்க மாட்டார். கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் எங்கள் குடும்பத்தின் எத்தனையோ சங்கடங்கள் உரிய நேரத்தில் வெளிவந்திருக்கின்றன. எதிரே இருப்பவர் ‘சரி’ என்று முடிப்பதற்குள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடும் பழக்கத்தை நான் இவ்வளவு வெறுப்பது இந்த அனுபவத்தால்தான். அழுத்துபவருக்கு அது இரண்டு நொடிச் சிக்கனம். மறுமுனையில் ஒருவர் வாயெடுத்த சொல்லோடு நின்றுபோகிறார், அதை மறுபடி சொல்ல அழைக்கவும் மாட்டார்.

இதன் பொருள், அழைப்புகள் முடிவில்லாமல் நீள வேண்டும் என்பதல்ல. ஆடம் மாஸ்ட்ரோயானியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றுக்கு இரண்டு அளவுக்கே இருந்தன. அவர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் நேர்ப்பேச்சை. முகம் பார்த்துப் பேசும்போதே இந்த நிலை என்றால் தொலைபேசியில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கும் என்று ஊகிக்கலாம். முடிக்க விரும்புபவர் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. காரணம் உண்மையாக இருந்தால் இன்னும் நல்லது. ‘உங்களை ரொம்ப நேரம் பிடித்து வைத்துவிட்டேன்’ என்று, தன் அவசரத்தை மற்றவர் மேல் சாற்றி முடிக்கும் வழக்கம் நயமானதுதான், ஆனால் தனிமையில் இருக்கும் ஒரு முதியவருக்கு அது பொருந்தாது. தன்னைப் பிடித்து வைக்க யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவரிடம், எனக்கு வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை அழைக்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி அழைப்பதே மேல்.

பொதுவாக அழைத்தவரே முடிப்பது என்பது நெடுங்கால வழக்கம். பழைய தொலைபேசி நிலையங்கள் பலவற்றில் கருவியும் அப்படித்தான் அமைந்திருந்தது: அழைக்கப்பட்டவர் ரிசீவரை வைத்தாலும் இணைப்பு சிறிது நேரம் அறுபடாமல் இருக்கும், அழைத்தவர் வைத்தால்தான் உடனே துண்டிக்கப்படும். அந்த வழக்கத்தை நான் பின்பற்றுகிறேன், வயதில் மூத்தவர்களிடமும் துக்கத்தில் இருப்பவர்களிடமும் தவிர. அவர்கள் வைத்த பிறகே நான் வைக்கிறேன்.

இடையில் இணைப்பு அறுந்துபோவது தனிச் சிக்கல். இன்றைய இணைப்புகளில் யாரும் பேசாதபோது ஒலியைக் கடத்தாமல் நிறுத்திவிட்டு, அந்த வெறுமை செத்த இணைப்பாகத் தோன்றாதிருக்கச் செயற்கையான மெல்லிய இரைச்சலைக் கேட்பவரின் முனையில் நிரப்பும் ஏற்பாடு உண்டு. அப்படியும் நாம் ‘ஹலோ, ஹலோ, கேட்கிறதா?’ என்று பதறுகிறோம். நீளமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவ்வப்போது ‘ம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பதற்றம் வராது. உண்மையாகவே அறுந்துவிட்டால், இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து இருவருக்கும் பிஸி என்று வருவதைத் தவிர்க்க, முதலில் அழைத்தவரே மறுபடி அழைப்பதும் மற்றவர் ஒரு நிமிடம் பொறுப்பதும் வசதியானது. விடைபெறும் தறுவாயில் அறுந்தால் என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் ‘சரி’ சொல்லியாயிற்று என்றால் விட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டுமே சொல்லியிருந்தால், அதுவும் உடல்நிலையோ பணமோ பேசிக்கொண்டிருந்த அழைப்பு என்றால், நான் திரும்ப அழைத்து, லைன் போய்விட்டது, ஏதோ சொல்ல வந்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும், அதற்குப் பிறகு இருவரும் சொல்லிக்கொண்டு வைக்கிறோம்.